குளம் வெட்டியவர்களும் நீரரணையும்

எமது மொழியில் பெயரில்லாத ஒரு பிராணியைப் பற்றி எழுதப் புறப்பட்டால் முதற் சொல்லிலேயே தடக்குப்படுகிறது. டெனிஸ்காரர் அதைத் தண்ணீர்ச் சலமாண்டர் என்று பொருள்பட அழைக்கிறார்கள். இலங்கையில் சலமாண்டர் வகையில் ஒன்றுகூட இல்லை. இந்தியாவிலும் டார்ஜிலிங் உள்ளிட்ட வடகிழக்குப் பக்கங்களில் மட்டுமே உண்டு. கண்ணாற் காணாத ஒன்றுக்குப் பெயர் வைக்கும் தேவை தமிழருக்கு வராமற் போனதில் வியப்பில்லை. ஆனால் பல்லி, ஓணான், அரணை, உடும்பு, தவளை, தேரை, நுணல் என்று பக்கத்தில் கிடக்கும் உயிர்களைப் பிரித்துப் பிரித்துப் பெயரிட்ட மொழி எமது. அந்த மொழியைப் பேசுகிற பல ஆயிரம் பேர் இன்று டென்மார்க்கில் வாழ்கிறோம். எமது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் றப்பர்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு குளக்கரைக்குப் போகிறார்கள். இந்தப் பிராணியை வலையில் அள்ளி, பார்த்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு வருகிறார்கள். வீட்டில் வந்து சொல்ல அவர்களிடம் டெனிஸ் சொல் இருக்கிறது. கேட்கிற எம்மிடம் ஒன்றுமில்லை. ஆகவே இக்கட்டுரையில் நான் அதை நீரரணை என்றே எழுதுகிறேன். உருவத்தில் அது அரணை; பிறப்பில் தவளைக்கு உறவு. இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் எழுதி அனுப்பட்டும்.

டென்மார்க்கில் இயற்கையாக வாழும் ஈரூடகவாழிகள் 14 இனங்கள். அவற்றில் மூன்று நீரரணைகள். சின்ன நீரரணை பரவலாகக் கிடைப்பது. மலை நீரரணை யூட்லாந்தின் தெற்கே மட்டும் உள்ளது. மூன்றாவதுதான் பெரிய நீரரணை. 15 சென்ரிமீற்றர் அளவுக்கு வளரும். மேற்புறம் கறுப்பாகவும் சொறியாகவும் இருக்கும். வயிறு செம்மஞ்சள், அதில் கறுப்புப் புள்ளிகள். இந்தப் புள்ளிகள் எமது கைரேகையைப் போல ஒன்றுக்கொன்று வேறுபடுபவை. வசந்த காலத்தில் ஆணின் முதுகில் வாள்ப்பல்லுப் போன்ற கொண்டை முளைக்கும். பெண் ஒவ்வொரு முட்டையாக, நீர்ச்செடியின் இலையை மடித்து அதற்குள் பொதிந்து வைக்கும். ஒரு பருவத்தில் இருநூறு முட்டைக்கு மேல் இப்படி வைக்கும். நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பிறவிக் குறையால் அந்த முட்டைகளிற் பாதி குஞ்சாகாமலே செத்துப்போகும். எங்கு போனாலும் இந்த இனம் தூக்கிக்கொண்டு திரிகிற சாபம் இது.

நுணலும் தன் வாயாற் கெடும் என்பார்கள். நீரரணைக்கு அந்த ஆபத்து இல்லை, அது கத்துவதில்லை. தவளையைக் காதால் தேடலாம். நீரரணையைக் கண்ணாற்தான் தேடவேண்டும். பகலில் அது செடிகளுக்குள் ஒளித்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில், நன்றாக இருட்டிய பின், குளக்கரையில் மெதுவாக நடந்து தண்ணீருக்குள் ரோச் அடித்துப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் இங்கு இருட்டுவதற்கு இரவு பத்தரை ஆகும். றெஸ்ரோறன்ற் குசினியில் கடைசிச் சட்டி கழுவி முடிவதும் ஏறக்குறைய அதே நேரம். விலங்கியற் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்தவனுக்கு இதைவிடத் தோதான ஆராய்ச்சி கிடைக்காது.

நான் முதலில் சேர்ந்து போனது ஊர்க்காரர் சிலர் வசந்தத்தில் நடத்துகிற ஒரு குளக்கரை நடையில். வழிகாட்டியவர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை. இப்படிக் கூட்டமாக வெளியே போய்ப் பார்ப்பது இந்த நாட்டில் பழைய வழக்கம். டென்மார்க்கின் இயற்கை பேணும் சங்கம் 1911 இல் தொடங்கப்பட்டது. முதலாவது இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் 1917 இல் வந்தது. நன்னீர் உயிர்களை ஆராய வெசன்பேர்க் லுண்ட் என்பவர் கொப்பன்ஹேகனுக்கு வடக்கே ஒரு ஏரிக்கரையில் 1897 இலேயே ஆய்வுகூடம் வைத்துவிட்டார். குசினியில் என்னோடு வேலைசெய்கிற அண்ணைக்கு இந்த வரலாறெல்லாம் பெரிதாகப் படவில்லை.

"உது என்னடாப்பா, தின்னுற சாமானோ?"

"இல்லை அண்ணை, பாக்கிறதுக்கு."

"பாக்கிறதுக்கு ராவிலை லைற்றும் கொண்டு வயலுக்கை போறியோ? ஊரிலையெண்டா ஆமிக்காரன் கேட்டுக் கேள்வியில்லாமல் சுட்டிருப்பான்."

அவர் பகிடியாகச் சொன்னாலும் விசயம் பகிடியல்ல. இரவில் வெளிச்சம் கொண்டு வெளியிற் போகக்கூடாது என்று வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, ஒரு சின்னப் பிராணியைப் பார்ப்பதற்காக மட்டும் இருட்டுக்குள் இறங்குவது புதிய விசயம். நிலத்தை வேறு விதமாகப் பார்க்க அது பழக்குகிறது.

அப்படிப் பார்த்தபோது நான் கண்ட முதல் விசயம் இதுதான். நீரரணையைத் தேடி நான் போன இடம் எதுவும் 'இயற்கை' அல்ல. ரண்டர்ஸ் வழியாக ஓடுவது டென்மார்க்கின் மிக நீண்ட ஆறான குடேனோ. நகரத்தைத் தாண்டி ரண்டர்ஸ் பியோர்ட்டாக விரிந்து கட்டேகாட் கடலில் அது விழுகிறது. நீரரணை அந்த ஆற்றில் வாழ்வதில்லை. பெரிய ஏரிகளும் அதற்கு ஆகாது. அங்கெல்லாம் மீன் உண்டு. மீன் அதன் குஞ்சுகளைத் தின்றுவிடும். வெயில் படுகிற, மீனில்லாத சின்னக் குளந்தான் அதற்கு வேண்டும். கிழக்கு யூட்லாந்தின் வயல்களுக்கு நடுவே கோதுமையும் பார்லியும் சூழ, சுற்றிவர நாலு பற்றையோடு கிடக்கும் வட்டமான பள்ளங்கள் அப்படிப்பட்டவை. பனிக்கட்டிக் காலம் விட்டுப்போன பள்ளங்களும் இவற்றுள் உண்டு. ஆனால் பெருந்தொகையானவை மனிதர் மண்வெட்டியால் வெட்டியவை.

ஏன் வெட்டினார்கள்? டெனிஸில் மேர்கல் எனப்படும் சுண்ணக்களிக்காக. புளித்துப்போன நிலத்தில் பயிர் விளையாது. சுண்ணாம்பு கலந்த இந்தக் களியை ஆழத்திலிருந்து வெட்டியெடுத்து வயலில் பரவினால் புளிப்பு முறியும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இது பெரிய அளவில் நடந்தது. அதற்கு முந்திய நிலைமையையும் சொல்லவேண்டும். 1733 இலிருந்து டெனிஸ் குடியானவ ஆண்கள் தாம் பிறந்த பண்ணையை விட்டுப் போகத் தடை இருந்தது. 1764 இல் அந்தத் தடை நாலு வயதுப் பையன் தொடக்கம் நாற்பது வயதுவரை நீட்டப்பட்டது. பாஸ் இல்லாமல் ஊர் தாண்ட முடியாத வாழ்க்கையை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1788 இல் அத்தடை நீக்கப்பட்டது. அதே காலத்தில் ஊர்க்காணிகள் பிரிக்கப்பட்டு, குடியானவர்கள் தத்தம் நிலத்தில் வீடுகட்டிப் போனார்கள். தன் காணி என்று ஆனபின் தன் காணியிலேயே சுண்ணக்களி வெட்டவேண்டியிருந்தது. அதனாற்தான் வயலுக்கு வயல் ஒரு குழி.

1864 இல் ஜேர்மானியரிடம் தோற்று டென்மார்க் தெற்கே பெரும் நிலப்பரப்பை இழந்தது. வெளியே இழந்ததை உள்ளே மீட்போம் என்ற எண்ணம் பரவியது. டால்காஸ் என்ற பொறியியலாளரின் முயற்சியில் 1866 இல் தரிசுநிலச் சங்கம் தோன்றியது. யூட்லாந்தின் பற்றைத் தரிசுகள் வயலாகவும் காடாகவும் மாறின. அதற்கும் சுண்ணக்களி வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களியை ஏற்றியிறக்கச் சிறிய தண்டவாளங்கள்கூடப் போட்டார்கள். பிறகு அரைத்த சுண்ணாம்பு மலிவாக வரவே, களி வெட்டுவது நின்றது. குழிகளில் மழைத்தண்ணீர் நின்றது. செடி முளைத்தது. நீரரணை வந்து குடியேறியது. மனிதர் தேவை முடிந்து கைவிட்ட இடம் அதற்கு வீடாயிற்று.

கடந்த வசந்தத்தில் நானும் இன்னொரு நண்பரும் அப்படி ஒரு குழியருகே நிற்கையில் வயலுக்குச் சொந்தக்காரர் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நள்ளிரவில் இரண்டு கறுத்த மனிதர் ரோச்சோடு நின்றால் யார்தான் வரமாட்டார்? கேட்டு வரத்தான் வந்திருந்தோம் என்றாலும், அனுமதி தந்தது அவருடைய மனைவி, இவருக்குத் தெரியாது. சலமாண்டர் என்றதும் அவர் முகம் மாறியது. எங்கள் ரோச்சை வாங்கி அவரே குனிந்து பார்த்தார். இது பாட்டனாரின் தகப்பன் வெட்டிய மேர்கல் குழி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அவர் வெட்டவில்லை, குடிசைக்காரர்கள் கூலிக்கு வந்து வெட்டினார்கள், ஒருமுறை கரை சரிந்து ஒருவர் செத்ததாகச் சொல்வார்கள் என்றார். யார் என்று கேட்டேன். பெயர் தெரியாது என்றார்.

எனக்கு அது புதிதாகப் படவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் ஆறில்லை. குளமும் கேணியும் கிணறுந்தான் எமது தண்ணீர். ஊர்க்குளத்துக்கு வெட்டுவித்தவன் பெயர் இருக்கும். கோயிற் கேணிக்கு உபயகாரர் பெயர் கல்லிலே இருக்கும். வெட்டியவன் பெயர் இராது. வெட்டியவனையே அந்தக் கேணியில் இறங்கவிடாத ஊர்களும் எம்மிடம் இருந்தன என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். டென்மார்க்கின் குடிசைக்காரனுக்குச் சாதியில்லை. ஆனால் அவன் மண்வெட்டியும் பெயரில்லாமலே போயிருக்கிறது. ரண்டர்ஸிலிருந்து சில்க்கபோர்க் வரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஆற்றங்கரையோரமாக ஒரு நடைபாதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் அன்னமும் கொக்கும் பார்க்கப் போகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோணிகளைத் தோளில் கயிறுபோட்டு இழுத்துச் சென்றவர்களின் கால்கள் உருவாக்கிய பாதை அது. 1840களில் சில்க்கபோர்க்கில் கடதாசி ஆலை வந்தபின் அந்தச் சுமைகளும் இவ்வழியே போயின. பாதைக்குத் தோணி இழுத்தவர்களின் தொழிற்பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தளவிலாவது ஞாபகம் இருக்கிறது.

இந்த இடத்தில் டெனிஸ்காரர் எமது குளங்களுக்கு வந்து தேடிய கதையைச் சொல்லவேண்டும். நாம் அவர்களுடைய குளத்தில் தேடுவதற்கு இருநூறு வருடங்களுக்கு முன்னரே அது நடந்துவிட்டது.

1618 இல் கொப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்ட ஓவ கெட்டவின் கப்பல்கள் நாடி வந்தது இலங்கையைத்தான். கண்டி அரசன் செனரத்துடன் பேசி, திருகோணமலையில் காலூன்றப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1620 இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அது டெனிஸ் ஊராக இருந்தது. அங்கே வியாபாரிகளோடும் பாதிரிமாரோடும் இயற்கை ஆராய்ச்சியாளரும் வந்தார்கள். லினேயசின் மாணவரான கேனிக் என்ற வைத்தியர் 1768 இல் வந்து சேர்ந்தார். பெரிய நீரரணைக்கு வியன்னாவில் லோரன்ரி என்பவர் விஞ்ஞானப் பெயர் சூட்டியதும் அதே 1768 இலேதான். கேனிக் சேர்த்த பூச்சிகள் டென்மார்க்கின் பெரும் பூச்சியியலாளரான ஃபப்ரீசியசிடம் போய்ச் சேர்ந்தன. அவர் பிறந்தது யூட்லாந்தின் தெற்கேயுள்ள தூண்டரில். 1771 இல் வந்த ஜோன் பாதிரியார் மீனும் சங்கும் பாம்பும் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பேர்லினில் இருந்த ப்ளொக் என்ற மீனியலாளர் ஒரு மீன் பேரினத்துக்கு ஜோனின் பெயரை வைத்தார். எங்கள் மண்ணுளிப்பாம்பு, இருதலைப்பாம்பு என்று சனங்கள் பயப்படுகிற அந்த அப்பாவிப் பாம்பின் விஞ்ஞானப் பெயரிலும் 1801 இலிருந்து இந்த ஜோன்தான் இருக்கிறார்.

எல்லாவற்றிலும் பெயர்பெற்றது ஒரு மீனின் கதை. தரங்கம்பாடியில் டெனிஸ் படையில் லெப்டினன்ராக இருந்த டால்டோர்ஃப் என்பவர் 1791 நவம்பரில் ஒரு குளக்கரைப் பனைமரத்தில், தண்ணீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே ஏறிக்கொண்டிருந்த மீனொன்றைப் பிடித்ததாக எழுதினார். அக்குறிப்பு 1797 இல் லண்டன் லினேயன் சங்கத்தின் ஏட்டில் வெளியானது. மீன் மரமேறுமா என்று நூறு வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் விவாதித்தார்கள். அது செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஈரத் தரையில் ஊர்ந்துபோவதும், காற்றைச் சுவாசிப்பதும் உண்மை. பனையேறியதைத்தான் பின்வந்தவர்கள் நம்பத் தயங்கினார்கள்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அந்த மீனுக்குத் தமிழில் ஏற்கெனவே இருந்த பெயர் பனையேறி. டால்டோர்ஃப் இலத்தீனில் வைத்த பெயருக்கு ஏறுகிற மீன் என்றே அர்த்தம். பின்னர் கூவியே வைத்த அனபாஸ் என்ற கிரேக்கப் பெயருக்கும் அதே அர்த்தம். ஆக, விஞ்ஞானம் கண்டுபிடித்தது என்று நாம் படித்த பெயர், தரங்கம்பாடிக் குளக்கரையில் யாரோ ஒருவரின் வாயிலிருந்து வந்த தமிழ்ச்சொல்லின் மொழிபெயர்ப்பு. அந்த யாரோ யார்? மண்ணுளிப்பாம்பைக் கையாற் பிடித்து ஜோனிடம் கொடுத்தவர் யார்? வலைவீசி மீன் எடுத்தவர்கள் யார்? டால்டோர்ஃபின் பெயர் இருக்கிறது, ஜோனின் பெயர் இருக்கிறது. சுண்ணக்களிக் குழிக்குள் செத்தவனின் பெயர் எங்கே போயிற்றோ அங்கேயே இவர்களுடைய பெயர்களும் போயிருக்கின்றன.

இதை வெள்ளைக்காரனைத் திட்டுவதற்காக எழுதவில்லை. எம்மவர்களும் அவர்களை எழுதிவைக்கவில்லை. அந்நாளில் படித்த தமிழர்கள் மீன்பிடிப்பவரிடமும் பாம்பு பிடிப்பவரிடமும் போய்ப் பெயர்கேட்டு எழுதியிருந்தால் எம்மிடம் ஒரு விலங்கியல் நூல் இருந்திருக்கும். கேட்பது கௌரவக் குறைவு என்று இருந்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் நான் படித்த ஒன்றரை வருடத்தில்கூட எமது குளத்து உயிர்களின் தமிழ்ப்பெயரை எவரும் பரீட்சையில் கேட்டதில்லை.

இனி நீரரணையின் இன்றைய நிலைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் உழவு இயந்திரம் வந்தபின் வயல் நடுவேயுள்ள குழி இடைஞ்சலாயிற்று. கல்லும் குப்பையும் கொட்டி மூடினார்கள்; குழாய் பதித்துத் தண்ணீரை வடித்தார்கள். மூடாமல் விட்டவற்றில் சிலர் மீனும் வாத்தும் விட்டார்கள். தவளையும் நீரரணையும் வேகமாகக் குறைந்தன. 1980களின் தொடக்கத்தில் ஈரூடகவாழிகள் முழுவதும் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டன. 1992 ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி 100 சதுர மீற்றருக்கு மேற்பட்ட குளத்தை உரிமையாளரும் அனுமதியின்றி மூடமுடியாது. அதே வருடம் வந்த ஐரோப்பியச் சட்டம் பெரிய நீரரணையைக் கண்டிப்பாகக் காக்கவேண்டிய உயிர்களில் ஒன்றாகச் சேர்த்தது. வீதி போடுவோரும் வீடு கட்டுவோரும் இப்போது இந்தப் பிராணி இருக்கிறதா என்று பார்த்துத்தான் அலவாங்கு போடவேண்டும். 2012 இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு குளத்தில் அள்ளிய சிறிதளவு தண்ணீரில் கரைந்துகிடக்கும் மரபணுவை வைத்தே நீரரணை அங்கே உண்டா என்று சொல்லலாம் எனக் காட்டினார்கள். இருந்தாலும் குழியை வெட்ட இன்னும் ஆள்தான் வேண்டும். மூடிய பள்ளங்களைத் திரும்பத் தோண்டுகிறார்கள், புதிதாகவும் வெட்டுகிறார்கள். ரண்டர்ஸை ஒட்டியுள்ள வோரூப் புல்வெளியில் முன்பு தண்ணீரை இறைத்துக் காயவைத்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இறைப்பை நிறுத்தித் தண்ணீரைத் திரும்ப வரவிட்டார்கள். அங்கே இப்போது பறவைகள் நிறைந்திருக்கின்றன.

இதே ஆற்றங்கரையில் 1996 இல் திறக்கப்பட்ட மழைக்காட்டுப் பூங்கா இருக்கிறது. கண்ணாடிக் கூரைகளுக்குக் கீழ் எங்கள் ஊர் வெக்கையை உண்டாக்கி, வெப்பநாட்டு உயிர்களை வளர்க்கிறார்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் எம்மவர்கள் கூட்டிக்கொண்டு போவது அங்கேதான். போகட்டும், நல்ல இடந்தான். ஆனால் கண்ணாடிக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், எம் காலடியில் இருக்கும் உயிர்களை நாம் இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை. இந்த நாட்டில் எமது வாழ்க்கை குசினி, கிடங்கு, தொழிற்சாலை, கோயில், பிறந்தநாள் விழா என்று கூரைகளுக்குக் கீழேயே கழிகிறது. வெளியே உள்ள நிலம் வேறு யாருடையதோ என்ற எண்ணம்.

ஒரு மொழி வீட்டுக்குள் மட்டும் பேசப்பட்டால் அது சோறு கறியின் மொழியாகச் சுருங்கிவிடும். 'சாப்பிட்டியா, படுத்தியா, குளிருது, கதவைச் சாத்து' என்பதோடு நின்றுவிடும். பிள்ளை குளக்கரையில் கண்டதைச் சொல்ல எமது மொழியில் சொல்லில்லை என்றால் அது டெனிஸில் சொல்லும். பிறகு சொல்லாமலே விட்டுவிடும். தமிழ்ப் பாடசாலை வைத்துத் திருக்குறள் ஒப்புவிக்கச் செய்கிறோம், தேவைதான். அதோடு ஒரு மே மாதத்து இரவில் அந்தப் பிள்ளைகளை ரோச்சும் கொடுத்து ஒரு சுண்ணக்களிக் குழிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். கரையில் நின்று பார்த்தாற் போதும். பிடிக்கத் தேவையில்லை, பிடிக்கவும் கூடாது. போகுமுன் காணிக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

போரில் நாங்கள் வெட்டிய பங்கர்க் குழிகளிலும் மாரிக்குத் தண்ணீர் நின்று தவளை கத்தியது. யாருக்குப் பயந்து வெட்டினோம் என்பது தவளைக்குத் தெரியாது. அந்தக் குழிகளில் அநேகமானவற்றை இன்று மூடிவிட்டார்கள். வெட்டியவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்வதற்கும் ஆளில்லை. இங்கே இருநூறு வருடத்துக் குழியொன்றில் ஒரு பிராணி இலையை மடித்து முட்டை வைக்கிறது. அதன் பெயரையும், குழியை வெட்டியவர்களின் கதையையும் எம் மொழியில் எழுதிவைப்பது சின்ன வேலைதான். தரங்கம்பாடிக் குளக்கரையில் பனையேறி என்று முதலில் சொன்ன மனிதர் செய்ததும் இப்படிப்பட்ட ஒரு சின்ன வேலையே. அவருக்கு எழுதத் தெரிந்திராது. எமக்குத் தெரியும்.